மந்தா காக்கு அணைத்த அடுப்பு

பால் தீயும் வாசனை வந்தது. எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது. மேலே பாத்திரமே இல்லை. கீழ்வீட்டில் யாரோ பாலை வைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள்.

ஈர மண்ணும் கருகிய இனிப்புமாய்ச் சன்னல் வழியே ஏறி வந்த அந்த வாசனையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். போன வாரக் கட்டுரையில் கிர்க்கி மைதானத்து மழையைப் பாதியில் விட்டிருந்தேன். அதை முடிக்கத்தான் இன்று உட்கார்ந்தேன். பால் விடவில்லை.

இதே அடுக்களை. இதே கருங்கல் மேடை. தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் ஆவணிக் காலையில், நாங்கள் மூன்று பேர் இதே இடத்தில் நின்று, இன்னும் எங்களுடையதாகாத ஒரு வீட்டில் பால் பொங்கக் காத்திருந்தோம்.

மூன்று பேர் என்றால் நான், என் கணவர் தாமு, தாமுவின் அக்கா. அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினியின் கணவருக்குக் கிர்க்கி ஆயுதத் தொழிற்சாலையில் வேலை. பூனாவுக்கு வந்து இருபது வருடமாகியும் மதினியின் நாக்கில் திருநெல்வேலி குறையவில்லை. இந்தி மட்டும் மேலே படிந்திருந்தது.

புதுப் பால்சட்டியின் கழுத்தில் மஞ்சள் கொத்து. ஏடு ஓரங்களில் சுருங்கி, நடுவில் உப்பி, மூச்சு விடுகிற மாதிரி எழுந்தது. மதினி கைகூப்பினார். தாமு கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது முன்னறையிலிருந்து ஒரு பச்சைப் புடவை காற்றாய் உள்ளே வந்தது. ஒரு கை நீண்டது. டக். அடுப்பு அணைந்தது. விளிம்பு வரை வந்த பால் பெருமூச்சு விட்டுக் கீழே உட்கார்ந்தது.

"நல்ல வேளை! பொங்கியிருக்கும்!" என்றார் மந்தா காக்கு.

## முப்பது வருடக் கை

காக்கு என்றால் மராத்தியில் சித்தி, பெரியம்மா மாதிரி. மந்தா காக்கு அந்த வீட்டின் சொந்தக்காரர். எங்களுக்கு விற்கச் சம்மதித்தவர். எங்கள் சடங்குக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாமென்று முன்னறையில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தவர். அவர் பேசியது மராத்தி கலந்த இந்தி. என் காதில் அது தமிழாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

மதினி கன்னத்தில் கை வைத்தார். "போச்சு."

காக்கு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சட்டியின் மஞ்சள் கொத்தைப் பார்த்தார். "அய்யய்யோ! பொங்க விடணுமில்ல! இந்த வீட்டுக்கு வந்தப்ப நாங்களும் விட்டோமே... எனக்குத் தெரியும்மா. கைக்குத் தெரியல. முப்பது வருஷமா இந்த அடுப்புல பாலப் பொங்க விட்டதில்ல."

"இன்னொரு தரம் பத்த வைக்கலாமா மதினி?" என்றேன்.

"பத்த வைக்கப்பிடாது. ரெண்டாந்தரம் வச்சா அது காப்பிக்கு வச்ச பாலு" என்றார் மதினி.

சீனி போட்டு நாலு தம்ளரில் ஊற்றிக் குடித்தோம். காக்கு ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சட்டியைத் தானே தேய்த்துக் கழுவினார். மனவருத்தம் அவர் முதுகில் தெரிந்தது.

படியிறங்கும்போது மதினி என் காதருகில் சொன்னார். "பாலு எந்திரிக்கல. இந்த வீடு வந்தா பாரு."

## பதினோரு மாதங்கள்

அந்த வீடு ஏன் வந்தாக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பூனாவில் வாடகை வீடு பதினோரு மாதத்துக்குத்தான். காகிதத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். பன்னிரண்டாவது மாதம் என்று ஒன்று எங்கள் வாழ்க்கையில் இல்லை. ஆறு வருடத்தில் ஏழு வீடு மாறியிருந்தோம். வானவடியில் இரண்டு, தாபோடியில் ஒன்று, மற்றதெல்லாம் சாங்வியின் சந்துகளில். தாமுவுக்குப் பிம்ப்ரி பக்கத்தில் ஒரு கருவித் தொழிற்சாலையில் வேலை என்பதால் கடைசியில் சாங்வியையே சுற்றிச்சுற்றி வந்தோம்.

ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த படங்கள், ஒரு சுவர்க்கடிகாரம், என் அம்மா பின்னிய ஒரு தொங்கல். ஏழு வீட்டிலும் அந்தப் பெட்டியைப் பிரிக்கவில்லை. சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். கடிகாரம் பெட்டிக்குள்ளேயே நாலரை மணியில் நின்றிருந்தது.

ஏழாவது வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். தசராவுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். எனக்கு எட்டாவது வாடகை வீட்டை நினைக்கவே முடியவில்லை. ஓர் ஆணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். ஆசை எவ்வளவு சிறியதோ அவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது.

## கிடைத்த பிறகு

வீடு தேட ஒரு மாதம்தான் ஆனது. இரண்டாவது மாடி, இரண்டு அறை, அடுக்களைச் சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். பார்த்ததும் தாமுவும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். விற்பவருக்குத் தெரியக்கூடாதே.

அன்றைக்கே வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்தோம். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

முதலில் ஒரு தேங்காயும் முன்பண உறையும் வைத்துக் கைமாற்றும் வாக்கு. பிறகு வக்கீல். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த மண் யார் யார் கையில் இருந்தது என்று பதிவாளர் அலுவலகத்துப் பேரேடுகளில் தேட வேண்டும். தாமு இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டு வக்கீலின் குமாஸ்தாவோடு உட்கார்ந்தார். சாயங்காலம் தும்மிக்கொண்டே வருவார். "இந்த எடம் முன்ன கரும்புக் காடு தெரியுமா?" என்பார். ஏதோ அவரே வெட்டினவர் மாதிரி.

பிறகு வீட்டுச் சங்கம். இந்த ஊரில் அடுக்குமாடி வீடு என்றால் சங்கத்தின் சொத்து மாதிரி. சங்கம் ஆட்சேபமில்லை என்று எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதம் போனால்தான் வங்கி காசோலை எழுதும். ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஒன்று உட்கார்ந்துவிட்டால் எல்லாம் உட்காரும்.

உட்கார்ந்தது ஒன்றுதான். வீடு காக்குவின் கணவர் பெயரில் இருந்தது. அவர் இறந்து மூன்று வருடம். காக்கு நாமினி.

"நாமினின்னா சாவிய வச்சிருக்கவங்க. அவ்வளவுதான்" என்றார் வக்கீலம்மா. "மகள் இருக்கா. அவளும் வாரிசு. தன் பாத்தியதைய விட்டுக்கொடுக்கிறேன்னு பத்திரத்துல அவ கையெழுத்துப் போடணும்."

காக்குவிடம் சொன்னோம். "சுனந்தாவா? போடுவா. நானே சொல்றேன்" என்றார்.

வைகாசியில் சொன்னார். ஆனியில் சொன்னார். ஆடியிலும் அதையே சொன்னார். மகளிடம் மட்டும் சொல்லவில்லை.

ஆவணி பிறந்ததும் மதினி நாள்காட்டித் தாளோடு வந்துவிட்டார். "ஏட்டி, ஒங்க ரெண்டு பேரு ராசிக்கும் ஒத்த முகூர்த்தம் இந்த மாசத்துல ஒண்ணே ஒண்ணுதான். அத விட்டா பொரட்டாசி. பொரட்டாசியில பாலு காய்ச்சப்பிடாது. பஸ், கதம். அம்புட்டுத்தான்."

"அக்கா, அது இன்னும் அவங்க வீடுக்கா. பத்திரமே எழுதல" என்றார் தாமு.

"பத்திரம் சர்க்காருக்குலே. பாலு சாமிக்கு. ரெண்டும் ஒரே நாளு நடக்கணும்னு எவன் சொன்னான்?"

எனக்கு ஆசை. நான்தான் போய்க் காக்குவிடம் கேட்டேன். "அடுப்புதானே? வா, காய்ச்சிக்கோ" என்றார் அந்த மனுஷி.

## ஆட்சேபம்

பால் காய்ச்சிப் பத்து நாள்கூட ஆகவில்லை. சங்கத்தின் செயலாளர் எங்கள் வாடகை வீட்டுக்கே வந்தார். கையில் நாலாக மடித்த தாள்.

"ஆட்சேபமில்லைன்னு கடிதம் கேட்டீங்க. ஆட்சேபம் வந்திருக்கு" என்றார்.

சுனந்தா எழுதியிருந்தாள். தன் சம்மதம் இல்லாமல் அப்பாவின் வீட்டை யாருக்கும் மாற்றக்கூடாது. மூன்றே வரி. எழுத்து குண்டு குண்டாக, அழுத்தி, தாளின் பின்பக்கம் தடவினால் தெரிந்தது.

நடந்தது இதுதான். கீழ்த்தளத்து அம்மாள் சந்தையில் சுனந்தாவைப் பார்த்து, "உங்க ஆயீ வீட்டுல மதராஸிக்காரங்க பால் காய்ச்சியாச்சே, நீ வரலையா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா வீட்டை விற்கிறாள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

எங்கள் அவசரம் எங்களையே வந்து இடித்தது.

நான் காக்கு வீட்டுக்கு ஓடினேன். வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தாளை வாங்கிப் படித்தார். மடித்தார். "எழுதட்டும். சின்ன வயசுலேருந்தே நல்லா எழுதுவா."

அப்புறம், கீரையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னார். ஆறு வருடம் முன்னால் சுனந்தா தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். இனி இந்தப் படி ஏறாதே என்றார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் காரியத்துக்கு வந்தவள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

"அதுக்கப்புறமாவது நீங்க கூப்பிட்டிருக்கலாமே காக்கு?"

"வர்றவ வரட்டும். பூட்டா போட்டிருக்கேன்?"

நாட்கள் கைக்குள் நிற்கவில்லை. பிள்ளையார் வரப் போகிறார். அவர் கரைந்ததும் பித்ரு பட்சம், முன்னோர்களுக்கான பதினைந்து நாள். அதில் வீடு விற்கக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று காக்கு முன்பே சொல்லியிருந்தார். அது முடிந்து எழுதினால் வங்கி மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். தசராவுக்கு எங்கள் சாமான்கள் தெருவில்.

"நான் இழுத்து விட்டது. நானே போறேன். நீயும் வா" என்றார் மதினி.

## ஹடப்சரில் ஒரு சிரிப்பு

ஹடப்சருக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம். சுனந்தா மின்சாமான் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். ஒரே அறை. நாங்கள் யாரென்று சொன்னதும் முகம் மூடிக்கொண்டது. ஆனாலும் இரண்டு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த ஊரில் கோபத்துக்கு முன்னால் தண்ணீர் வந்துவிடும்.

"பங்கு கேட்டு எழுதினேன்னு நெனச்சு வந்தீங்களா?"

"பங்கப் பத்திப் பேச வரலம்மா. பாலப் பத்திப் பேச வந்தேன்" என்றார் மதினி. மராத்தி என்னைவிட அவருக்கு நூறு மடங்கு நன்றாக வரும். "தப்பு என்னோடது. எங்க மாசக் கணக்கு அவசரத்துல ஒங்க வீட்டு அடுப்புல கை வச்சிட்டேன்."

"எங்க அடுக்களையில. எனக்குத் தெரியாம."

"ஆமா."

வெளியே பஸ்கள் ஊதிக்கொண்டே போயின.

"ஆயீ பக்கத்துல நின்னாளா?"

"இல்ல. முன்னறையில பூத் தொடுத்துட்டு இருந்தாங்க."

"பால் பொங்குச்சா?"

மதினி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த மராத்தியில் நான் சொன்னேன். "இல்லை. பொங்கி வர்ற நேரத்துல உங்க அம்மா ஓடி வந்து அடுப்ப அணைச்சிட்டாங்க."

சுனந்தா என்னை உற்றுப் பார்த்தாள். நான் விளையாடுகிறேனா என்று பார்த்திருப்பாள். பிறகு அவள் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்தியும் நிற்கவில்லை.

"அணைச்சிட்டாளா? உங்க வாஸ்துப் பாலையா?"

"சட்டியையும் தேச்சுக் கவுத்திட்டாங்க" என்றார் மதினி, இன்னும் ஆறாத வருத்தத்தோடு.

அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்களும் உட்கார்ந்தோம். "எங்க பாபா சொல்வார். வீடே தீப்பிடிச்சாலும் இவ மொதல்ல பால் அடுப்பத்தான் அணைப்பான்னு." கண்ணைத் துடைத்தாள். சிரிப்பினால் வந்த ஈரம்தான். கொஞ்சம் அதிகமாக வந்தது.

பிறகு சொன்னாள். "கௌரி வருது. ஆறு வருஷமா இந்த வரிசையில இருக்கிற பொண்ணுங்கெல்லாம் அதுக்கு அம்மா வீட்டுக்குப் போறாங்க. நான் ஓவர்டைம் பாக்கறேன்."

பிள்ளையார் வந்த சில நாளில் கௌரி வருவாள். தாய்வீட்டுக்கு வரும் மகள் என்றே அவளை இங்கே நினைக்கிறார்கள். மூன்று நாள் இருந்து சாப்பிட்டுப் போவாள். கல்யாணமான பெண்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடும் நாட்கள் அவை.

"நான் கூப்பிடறேன், வா" என்றார் மதினி.

"நீங்க கூப்பிட்டா நான் வர முடியாது. வாசல் யாரோடதோ அவங்க கூப்பிடணும்."

"கையெழுத்து?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்த இடத்தில் அதைக் கேட்டேன்.

"மொதல்ல கூப்பிடட்டும்" என்றாள் சுனந்தா.

## எத்தனை பேர்

சுனந்தா சொன்னதை நாங்கள் போய்ச் சொல்ல, காக்கு கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை மழையில் நனைந்த செருப்போடு எங்கள் வாசலில் நின்றார். "டெலிபோன் பூத்து வரைக்கும் கூட வா."

சுனந்தா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருடைய டெலிபோன் எண் அவருக்கு மனப்பாடம். ஒரு முறைகூடப் பேசாத எண். சுனந்தாவைக் கூப்பிட்டு வரும்வரை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவில் அவர் மூச்சு படர்ந்து படர்ந்து மறைந்தது.

"நான்தான்" என்றார்.

"போளிக்குப் பருப்பு ஊற வெக்கணும். எத்தனை பேரு வர்றீங்க?"

அந்தப் பக்கம் ஏதோ சொன்னது.

"அவரும் வரட்டும்" என்றார் காக்கு. வைத்துவிட்டார். வைத்த பிறகு ரிசீவரை முந்தானையால் துடைத்தார், பாத்திரத்தைத் துடைப்பது போல.

## கௌரி வந்தாள்

வாசலிலிருந்து உள்ளே வரை குங்குமத்தில் சின்னப் பாதங்கள். கௌரிச் சிலையின் முகத்தை ஏந்திக்கொண்டு மகள் வெளியே நிற்க, உள்ளிருந்து அம்மா கேட்க வேண்டும். வழக்கம் அது.

"யார் வந்தது?" என்று கேட்டார் காக்கு.

சுனந்தா வாய் திறந்தாள். குரல் வரவில்லை.

"யார் வந்தது?" இரண்டாவது தடவை காக்குவின் குரலும் சரியில்லை.

சுனந்தாவுக்குப் பின்னால் நின்ற அவள் கணவர்தான் உரக்கச் சொன்னார். "கௌரி வந்தாள்! பொன் பாதத்தில் வந்தாள்!"

காக்கு விலகி வழிவிட்டார்.

மூன்று நாளும் நான் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். அடுக்களையில் அம்மாவும் மகளும் பேசினதெல்லாம் உப்பு, புளி, வெல்லம் பற்றித்தான். மன்னிப்பு என்ற வார்த்தை எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை. போளி வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் தயிர்சாதம் கட்டிக்கொடுத்துக் கௌரியை அனுப்பினார்கள். சுனந்தாவின் பையிலும் ஒரு தயிர்சாதப் பொட்டலம்.

மறுநாள் பதிவாளர் அலுவலகம். சுனந்தா தன் பாத்தியதையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். எங்கள் குமாஸ்தா இரண்டு தடவை இருமினார். அவள் அவசரப்படவில்லை. கையெழுத்துப் போட்டாள், அதே குண்டு எழுத்தில், அழுத்தி.

அதோடு காக்கு எங்களுக்கு விற்கும் பத்திரமும் எழுதியானது. கட்டைவிரலில் மை தடவினார்கள். எல்லோரும் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்கள். அந்த அலுவலகத்துச் சுவர் முழுக்க நீல விரல்கள். காக்கு விரலை நீட்டியபடியே நின்றார். சுனந்தா அந்த விரலை எடுத்துத் தன் கைக்குட்டையில் துடைத்தாள். மை போகவில்லை. ரொம்ப நேரம் துடைத்தாள்.

## சாவி

சுனந்தா ஆட்சேபத்தைத் திரும்ப வாங்க, சங்கத்தின் கடிதம் போய், வங்கியின் காசோலை தசராவுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. தசரா அன்று காலை சாவி தருகிறேன் என்றார் காக்கு. அவர் சாங்லியில் இருக்கும் தன் அக்காவோடு போய் இருப்பதாக ஏற்பாடு. சுனந்தா எவ்வளவோ சொல்லியும், ஒரே அறையில் எத்தனை பேர் என்று மறுத்துவிட்டார்.

"இன்னும் பொரட்டாசிதான். ஆனா விஜயதசமிக்கு மாசம் கெடையாது" என்று மதினி தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு எங்களோடு வந்தார்.

வாசலில் காக்கு சாமந்தித் தோரணம் கட்டியிருந்தார். எங்களுக்காகக் கட்டியது. உள்ளே சுவர்கள் வெறுமையாக, கழுவி விட்ட தரை ஈரமாக. அவருடைய சாமான்கள் முந்தின நாளே போய்விட்டன. எங்களுடைய அடுப்பும் சிலிண்டரும் முந்தின நாளே வந்துவிட்டன. கீழே சுனந்தா ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு, "ஆயீ, பஸ் போயிடும்!" என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

"வர்றேன், வர்றேன்" என்றபடி காக்கு அடுக்களைக்குள் போனார். கடைசியாக ஒரு தடவை பார்க்கப் போகிறார் என்று நாங்கள் முன்னறையிலேயே நின்றோம். தாமு கையில் சுத்தியலும் ஓர் ஆணியும் வைத்துக்கொண்டு எந்தச் சுவர் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அட்டைப்பெட்டி பிரிந்து கிடந்தது.

காக்கு வெளியே வந்தார். முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார். சூடாக இருந்தது. மதினி அவர் காலைத் தொட்டார். நான் தொட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கியவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்றார். "இந்தத் தரம் நான் ஓடி வர மாட்டேன்."